பதினொன்றாம் ரூமில் நான் விழுங்கிய வரி

மேடையில் அமர்ந்திருக்கும் பஹ்ரைன் கலை மன்றத் தலைவர் விஜயபாஸ்கர் அவர்களே! அவருக்கு இருபுறமும் அமர்ந்திருக்கும் பெரியவர்களே! வெள்ளிக்கிழமைத் துவைப்பை அப்படியே வாளியில் போட்டுவிட்டு சல்மாபாத் கேம்பில் இருந்து பஸ் ஏறி வந்திருக்கும் தம்பிமாரே! குதைபியாவில் என் மெஸ்ஸில் சோறு தின்ற பிள்ளைகளே! மாலைக்கு நடுவே படமாக உட்கார்ந்து நம் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் நாடகாசிரியர் கார்மேகம் அவர்களே! வீரம்மாள் உங்கள் எல்லோரையும் கும்பிடுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தவள். இந்தப் பேச்சை எழுதித் தருகிறோம் என்று மன்றத்தில் சொன்னார்கள். என் பேத்தி விஜியும் கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான்கு நாள் உட்கார்ந்து என் கையால் எழுதினேன். இதற்கு நான் கையெழுத்துப் போடப்போகிறேன், அதனால்தான்.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். "மாரடைப்பால் காலமான கார்மேகம்" என்றார் ஒருவர். "மேடைப் படியில் தவறி விழுந்து" என்றார் இன்னொருவர். "விதி" என்றார் மூன்றாமவர். நான் கேட்கிறேன்: படியில் விழுந்தவனுக்குத் தாடை இரண்டாக உடையுமா? படியில் விழுந்தவன் முதுகில் செருப்புத் தடம் பதியுமா? இதயம் நின்றது என்று ஆஸ்பத்திரிப் பேப்பரில் இருக்கிறது. செத்துப்போகிற எல்லோருக்கும் கடைசியில் இதயம்தான் நிற்கிறது! நிறுத்தியது யார்?

அவர் எழுதிய கடைசி நாடகத்தில் எனக்கு ஒரு வரி இருந்தது. போன மாதம் பதினாறாம் தேதி இதே மேடையில் அதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இப்போது வந்திருக்கிறேன். மைக்கை அணைத்தாலும் சொல்வேன். நூறு பேருக்குச் சோறு போடக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை இது. ஆனால் வரியை மட்டும் சொன்னால் உங்களுக்கு விளங்காது. முதலில் மனிதரைச் சொல்கிறேன்.

கார்மேகம் கம்பி கட்டுகிறவர். முதுகுளத்தூர்ப் பக்கம். பதின்மூன்று வருஷம் இந்த பஹ்ரைனில் வெயிலில் கம்பி வளைத்தார். பதின்மூன்று வருஷத்தில் ஒன்பது நாடகம் எழுதினார். டூட்டி ஷீட்டுக்குப் பின்பக்கம் எழுதுவார். அவர் நாடகத்தில் ராஜா கிடையாது, பாட்டு கிடையாது, கடைசியில் வந்து காப்பாற்றுகிற போலீஸ் கிடையாது. கேம்பில் நடந்தது இருக்கும். நடந்தது மட்டும்தான் இருக்கும்.

அவருக்கு ஒரு பழக்கம், உங்களுக்கெல்லாம் தெரியும். யார் வாயில் இருந்து வார்த்தையை எடுத்தாரோ அந்த ஆளிடமே திரும்பப் போவார். வாசித்துக் காட்டுவார். "இது நீங்க சொன்னதுதானா? ஒரு சொல்லு கூடக் குறைச்சல் இல்லையே?" என்பார். ஆமாம் என்றால் அந்த வரிக்குப் பக்கத்திலேயே கையெழுத்து வாங்குவார். எழுதத் தெரியாதவனிடம் கட்டைவிரல் ரேகை. பெயரையும் மாற்ற மாட்டார். "பேரை மாத்துனா அது கதைக்கா. பேரு இருந்தாத்தான் சாட்சி" என்பார். உலகத்தில் எந்த நாடகக்காரன் இப்படி எழுதியிருக்கிறான்? எனக்குத் தெரியாது. நான் பார்த்தவன் இவன் ஒருவன்தான்.

ரப்பர் ஹோஸால் ஆட்களை அடித்த ஃபோர்மேனை வைத்து ஒரு நாடகம் போட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? ஒத்திகை நடக்கும்போது அந்த ஆள் உள்ளே வந்தான். கார்மேகத்தின் வலது கையைக் கட்டில் சட்டத்தில் வைத்து, மேலே பூட்ஸோடு ஏறி நின்றான். கட்டைவிரல் முறிந்த சத்தம் வெளியே தண்ணீர்க் குழாய் வரைக்கும் கேட்டதாம். மூன்றாம் நாள் கட்டுப்போட்ட கையோடு கார்மேகம் அவனிடமே போய் நின்றார். இடது கையில் பேப்பர். "பாய், ஏறி நிக்கும்போது நீங்க சொன்ன வார்த்தையையும் சேத்துட்டேன். ஒரு சைன் போடுங்க." அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாகல் ஹை தூ! பைத்தியக்காரன்!" என்று சொல்லிக்கொண்டே போட்டும் கொடுத்தான்! நான் கேட்டேன், "எலேய், உனக்குப் பயமே கெடையாதா?" "இருக்குக்கா. வேட்டி நனைஞ்சுதான் போச்சு. பயத்தோடயே போயிட்டு வந்தேன்." அப்படிப்பட்ட ஆள்!

இனி சோலைமுத்து. அந்தப் பெயரைச் சொன்னதும் சில பேர் தரையைப் பார்க்கிறீர்கள். பாருங்கள்.

போன வருஷம் ரமலான் மாதம். ஒரு வெள்ளிக்கிழமை. சோலைமுத்து கமுதிப் பக்கத்துப் பையன், இருபத்துநான்கு வயது, பெயின்ட் அடிக்கிறவன். சல்மாபாத் கேம்பில் பதினொன்றாம் ரூம். அன்று காலையில் என் மெஸ்ஸுக்கு வந்து அரிசி மூட்டை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு பார்த்தால், பாத்திரம் விளக்கும்போது கழற்றி அலமாரியில் வைத்த என் ஐந்து பவுன் சங்கிலியைக் காணோம். பதினொன்றாம் ரூமில் பெரிய ஆள் மாயாண்டி. அவனுக்குப் போன் போட்டேன். "சோலைமுத்து ஒருத்தன்தாண்டா உள்ள வந்தான்" என்றேன். "விடுக்கா, நாங்க பாத்துக்கிறோம்" என்றான்.

எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்? கேளுங்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும்! ஏழு பேர். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். முதலில் கை. பிறகு பெல்ட். பிறகு கம்பி கட்டுகிற கொக்கியின் பின்பக்கம். அடுக்குக் கட்டிலின் கம்பியில் அவன் இரண்டு கையையும் லுங்கியால் கட்டினார்கள். அவன் வாயில் அவனுடைய பெயின்ட் துணியையே அடைத்தார்கள். முட்டியில் அடித்தார்கள், உள்ளங்காலில் அடித்தார்கள், விலாவில் அடித்தார்கள். களைத்தவன் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். குடித்தவன் எழுந்து அடித்தான். துணியை எடுத்துவிட்டு, "எங்கடா வெச்ச?" என்று கேட்பார்கள். "அக்கா மேல சத்தியமா எடுக்கல" என்பான். அக்கா என்றால் நான்! மறுபடி துணியை அடைப்பார்கள். சூரியன் இறங்கும்போது அவன் தலை தொங்கிவிட்டது. நடிக்கிறான் என்று சொல்லி அதற்கு மேலேயும் இரண்டு அடி.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? கார்மேகம் சொன்னார். கார்மேகத்துக்கு எப்படித் தெரியும்? அவரும் அந்த ஏழு பேரில் ஒருவர். அவர் கை ஓங்கவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து நின்றார், வெளியே இருந்து யாரும் வந்துவிடக் கூடாது என்று. ஹோஸ் அடித்த ஃபோர்மேனிடம் தனியாகப் போய் நின்ற அதே ஆள்! தன் ரூம்காரர்களுக்கு முன்னால் வாய் திறக்காமல் நின்றார். பிறகு வந்த பேப்பரில் "குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தான்" என்று ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவரும் போட்டார். சோலைமுத்து பெட்டியில் ஊர் போய்ச் சேர்ந்தான், திருடன் என்ற பெயரோடு.

அதன் பிறகு அந்த மனிதர் தூங்கவில்லை. என் மெஸ்ஸில் உட்கார்ந்து ஒரு நாள் கேட்டார்:

"அக்கா, சுதந்திரம்னா என்ன?"

"மொதல்ல இந்த வெங்காயத்தை உரி. அப்புறம் சுதந்திரம் பேசு."

"இல்லக்கா. என் பாஸ்போர்ட்டை விசா குடுத்த கஃபீல் பெட்டியில வெச்சிருக்கான். சரி, அது அவன் குத்தம். என் நாக்கை எவன் பெட்டியில வெச்சிருக்கான்? அன்னிக்கு நிறுத்துங்கடான்னு ஒரு வார்த்தை. எந்த அரபி வந்து என் வாயைப் பொத்துனான்?"

நான் மாவு பிசைந்தேன். அவர் விடவில்லை. "ஏழு பேரு அடிச்சா அடிச்சவன் ஒருத்தனும் இல்லக்கா. கூட்டத்துல கைக்குப் பேரு கெடையாது. ஒரு ஆளு தனியாப் பிரிஞ்சு வந்து 'இது என் கை'ன்னு சொன்னாத்தான் அவன் ஆளு. அதுவரைக்கும் வெறும் கை."

ஒரு கம்பி கட்டுகிறவன் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னது இது! படித்தவர்கள் மேடையில் இருக்கிறீர்கள். இதைவிடப் பெரிதாக ஏதாவது சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்!

அப்படி எழுதியதுதான் "பதினொன்றாம் ரூம்". ஒரு வருஷம் எழுதினார். ஏழு பேர் பேச்சையும் எழுதினார். தன் பேச்சை முதலில் எழுதி, முதலில் கையெழுத்துப் போட்டார்: "நான் கதவில் சாய்ந்து நின்றேன். கார்மேகம்." பிறகு மற்றவர்களிடம் கொண்டு போனார். அங்கேதான் ஒரு தப்புச் செய்தார். பெரியவர்களே, அவர் செய்த தப்பையும் சொல்வேன். இல்லையென்றால் அவரே என்னைக் கோபிப்பார்.

ரூமில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவர் சத்தமாக வாசித்தார். யார் காதில் வாங்கினார்கள்? "யோவ் நாடகம், எங்க போடணும்? இங்கயா?" என்று மாயாண்டி பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டான். "என்னய்யா இது, லீவு பாரமா?" என்று கேட்டபடி ஒருவன் போட்டான். எல்லோரும் போட்டார்கள். ஒப்புக்கொண்டார்கள் என்று கார்மேகம் நினைத்தார். கண்ணில் தண்ணீரோடு என்னிடம் ஓடி வந்தார். "அக்கா, ஏழு பேரும் ஒத்துக்கிட்டாங்க! மனுஷன் நல்லவந்தாங்க்கா!"

ஐயோ தம்பி! இந்த ஊரில் நாம் என்றைக்குப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம்? இறங்கின அன்றே அரபியில் ஒரு பேப்பர், போட்டோம். கேம்பில் ஒரு பேப்பர், போட்டோம். சோலைமுத்து வழுக்கி விழுந்தான் என்று ஒரு பேப்பர், போட்டோம். பேப்பரை நீட்டினால் கை தானாகப் போகும். அந்தக் கையை நம்பிவிட்டாரே!

பிறகு என்னிடம் வந்தார். எனக்கு எழுதியிருந்த வரி: "என் சங்கிலி போச்சு. சோலைமுத்து ஒருத்தன்தான் உள்ள வந்தான்." நான் எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. அது என் பெருமை. எழுத்துக் கூட்டி வாசித்தேன். கையெழுத்துப் போட வரவில்லை. "இது பாதிதாண்டா" என்றேன். மீதியைச் சொன்னேன். சங்கிலி திருடு போகவில்லை. அலமாரியில் இருந்து வழுக்கி மாவு டின்னுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. நான்தான் எடுத்தேன். எடுத்து அரிசிக்குள் புதைத்தேன். ஒரு வருஷம் யாரிடமும் மூச்சு விடவில்லை. "வீரம்மாள் அவசரப்பட்டு ஒரு பையனைத் திருடன் என்றாளாம்" என்று குதைபியா முழுக்கப் பேசுமே! இருபத்திரண்டு வருஷம் தலை நிமிர்ந்து நடந்த தெரு ஆயிற்றே!

கார்மேகம் என்னைத் திட்டவில்லை. பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு அதை எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தன மணிக்கு எடுத்தீங்க?"

சொன்னேன். எழுதினார். மூன்று தடவை வாசித்துக் கையெழுத்துப் போட்டேன். "இந்த வரிய மேடையில நீங்கதான் சொல்லணும்" என்றார். "வேற யாரையாச்சும் நடிக்கச் சொல்லேன்டா." "நடிக்க ஆளு கெடைக்கும்க்கா. சொல்றதுக்கு நீங்க ஒருத்தர்தான்."

போன மாதம் பதினாறு, தீபாவளி விழா. சாயங்காலம் நான்கு மணி. இந்த ஹால் நிறைந்திருந்தது. சோலைமுத்துவாக நடித்தவர் கலீலுர் ரஹ்மான் பாய். அடிக்கிற காட்சியில் அவருக்குப் பக்கத்தில் ஒரு மெத்தையை நிறுத்தி, நிஜக் கம்பியால் அதை அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் யார் கை என்று பெயர் சொன்னார்கள். நான்காவது பெயரில் தலைவர் விஜயபாஸ்கர் அவர்கள் எழுந்து, "நிறுத்துய்யா! நல்ல நாளும் அதுவுமா!" என்று கத்தினார். பின்னால் இருந்து, "எங்க பேரைச் சொல்லுறான்டா!" என்று ஒரு குரல். கார்மேகம் மேடையில் இருந்து கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னும் ஒரே ஒரு ஆளு பேசணும். அத மட்டும் கேட்டுட்டு என்னை என்ன வேணாச் செய்யுங்க."

அந்த ஒரு ஆள் நான். மைக்குக்கு முன்னால் வந்தேன். முதல் வரிசையில் என் பேத்தி விஜி. பட்டுப் பாவாடை. கையில் போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம், "தட்ஸ் மை அப்பத்தா" என்றாள். என் காதில் விழுந்தது.

வரி தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"சங்கிலி போச்சு. அவந்தான் எடுத்திருப்பான்" என்றேன்.

அவ்வளவுதான். "கேட்டீங்களாடா! அக்காவே சொல்லிருச்சு! இந்த நாய்தான் கதை கட்டுது!" என்று மாயாண்டி மேடையில் ஏறினான். அவன் பின்னால் பத்துப் பேர். பத்துப் பேர் பின்னால் அறுபது பேர். மெத்தையை அடித்த கம்பியையே எடுத்தார்கள். நாற்காலிக் காலை உடைத்தார்கள். கார்மேகத்தின் தாடையில் விழுந்த அடி எனக்குக் கேட்டது. பல் என் காலடியில் வந்து விழுந்தது. கீழே போட்டு மிதித்தார்கள். டூட்டி ஷீட்டுகள் மேடை முழுக்கப் பறந்தன. அப்போதும் அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தலையைக் காக்கவில்லை. உடைந்த வாயோடு என்னையே பார்த்தார். வசனம் மறந்துபோன நடிகைக்கு ஓரத்தில் நின்று எடுத்துக் கொடுப்பார்களே, அதே மெதுவான குரலில், "அக்கா... வரி" என்றார். "வரியச் சொல்லுங்கக்கா."

நான் சொல்லியிருந்தால் அந்தக் கைகள் நின்றிருக்கும். ஒரு வரிதான். நான் விஜியின் கண்ணைப் பொத்தி வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த நாட்களில் ஒரு பேப்பர் வந்தது. "சாட்சிக் கையெழுத்துதான், மேடையில இருந்து விழுந்தாருன்னு" என்றார்கள். அரபியில் இருந்தது. வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதவள் இந்த வீரம்மாள்! போட்டேன். இருபத்தைந்தாம் தேதி அவர் போய்விட்டார்.

யார் கொன்றது? கஃபீலா? இல்லை. அரபியா? இல்லை. வெயிலா, கம்பெனியா, விதியா? இல்லை, இல்லை, இல்லை! அடித்த அறுபது பேரில் நாற்பது பேராவது இப்போது இந்த ஹாலில் இருக்கிறீர்கள். மாலைக்குப் பணம் போட்டவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் வாசித்தார்கள். கூட்டத்தில் உங்கள் கைக்குப் பெயர் இல்லை என்று நினைக்காதீர்கள். அவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மிதிபட்ட தாள்களை கலீலுர் ரஹ்மான் பாய் ஒன்று விடாமல் பொறுக்கி வைத்திருந்தார். ரத்தம் காய்ந்து ஒட்டிக்கொண்டதை நீராவி காட்டிப் பிரித்தோம். ஏழு கையெழுத்தும் இருக்கிறது. எட்டாவது என்னுடையது. இதோ, இந்தப் பையில்.

ஆகையால் நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். நாளை மறுநாள் பாயைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். நான் போட்ட அரபிக் கையெழுத்து பொய் என்று சொல்வேன். இந்தத் தாள்களின் நகலைக் கொடுப்பேன். விசாவை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்புவார்களோ, உள்ளே வைப்பார்களோ, வைக்கட்டும். இன்னொரு நகல் கமுதிக்கு, சோலைமுத்துவின் தாயாருக்கு. அவள் பெற்றது திருடன் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு "பதினொன்றாம் ரூம்" நாடகம் மறுபடி நடக்கும். தலைவர் ஹால் கொடுத்தால் இங்கே. கொடுக்காவிட்டால் என் மெஸ்ஸில், சாப்பாட்டு மேசைகளை ஒதுக்கிவிட்டு. என்னைப் பிடித்து வைத்துவிட்டால் என் வரியை விஜி வாசிப்பாள். நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் அழுதாள். பிறகு, "குடுங்க அப்பத்தா, நான் படிச்சுப் பாக்குறேன்" என்றாள். இரண்டு தடவை படித்தாள்.

மாயாண்டித் தம்பி, வாசல் கதவில் சாய்ந்து நிற்கிறாய். நானும் வந்ததில் இருந்து பார்க்கிறேன். சாயாதே. கதவை விட்டுத் தள்ளி நில். வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும்.

கார்மேகம் தம்பி, நாடகாசிரியரே, எடுத்துக் கொடுத்தீர்களே, இப்போது சொல்கிறேன். உங்கள் தாளில் இருக்கிறபடி, ஒரு சொல் குறையாமல்:

"எம் பேரு வீரம்மாள். சங்கிலிய யாரும் எடுக்கல. மூணு மணிக்கு மாவு டின்னுக்குப் பின்னாடி இருந்து நாந்தான் எடுத்தேன். சோலைமுத்து செத்தது நோன்பு தொறக்குற பாங்குக்கு. நடுவுல ரெண்டரை மணி நேரம், ஒரு கையில சங்கிலி இருந்துச்சு, ஒரு கையில போன் இருந்துச்சு."